படகு காய்ந்த வருஷம்

என் அத்தையின் படகு லாரியில் ஏறிச் சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்ந்தபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். ராஜபாளையம் ரோட்டில், தறிக்கூடங்கள் முடிந்து கரிசல் காடு தொடங்கும் இடத்தில், அப்பா வேலை பார்த்த ஃபைபர் பட்டறை இருந்தது. தண்ணீர்த் தொட்டி, குளியலறைக் கதவு, பள்ளிக்கூடங்களுக்குச் சறுக்குமரம் என்று அங்கே செய்வார்கள். பட்டறையை ஒட்டிய காலியிடத்தில் எட்டுப் பேர் சேர்ந்து படகை இறக்கி, குப்புறக் கவிழ்த்து, மரக்கட்டைகள் மேல் வைத்தார்கள். கரிவலம்வந்தநல்லூர் பஸ் அந்த வழியாகத்தான் போகும். ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

கிணற்றிலேயே தண்ணீர் இல்லாத ஊரில் படகு வந்து இறங்கினால் பேச்சுக்குக் கேட்கவா வேண்டும். டீக்கடையில் அப்பாவைப் பார்த்ததும், "அண்ணாச்சி, கடல் எந்த மாசம் வருது?" என்பார்கள். அப்பா சிரித்துக்கொண்டே டீயைக் குடிப்பார். பள்ளிக்கூடத்தில் எனக்குக் 'கப்பல்' என்று பெயர் விழுந்தது. எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் எனக்குத் 'தொட்டி' என்று பெயர்.

அப்பா கடற்கரைக்காரர். உவரிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். ஆனால் அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. பதினாறு வயதில் முதல் முறை போனபோது கரை திரும்பும்வரை வாந்தி எடுத்தாராம். இரண்டாம் முறை காற்று புரட்டிப்போட்ட ஒரு நாளில் குறுக்குப் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாராம். மூன்றாம் முறை போகவே இல்லை. கடலுக்குப் போவதை அங்கே 'தொழிலுக்குப் போறது' என்றுதான் சொல்வார்கள். போகாதவனுக்குத் தொழில் இல்லை என்று அர்த்தம். அதனால் அப்பா தூத்துக்குடியில் படகு கட்டும் ஓர் இடத்தில் ஃபைபர் வேலை கற்றுக்கொண்டு, கடலிலிருந்து எவ்வளவு தூரம் விலகிவர முடியுமோ அவ்வளவு தூரம் வந்து, எங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டி செய்யத் தொடங்கினார். கல்யாண வீடு, சாவு வீடு எதற்குப் போனாலும் யாராவது ஒருவர் அந்தக் குறுக்குப் பலகைக் கதையைச் சொல்லுவார். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

அத்தை அப்பாவுக்கு ஒரே அக்கா. அவளுடைய வீட்டுக்காரர், என் மாமா, நேர் எதிர். காற்றைப் பார்த்து வலையைச் சுருட்டியவர் இல்லை என்று அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். அவருடைய படகு சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகக் கரைக்கு வந்த படகுகளில் ஒன்று. அவசரத்தில் செய்தது, அடிப்பக்கம் மெல்லிசாக இருக்கிறது, இன்னும் இரண்டு அடுக்குப் போட வேண்டும் என்று அப்பா பார்த்த அன்றே சொன்னார். குறுக்குப் பலகையைக் கட்டிப்பிடித்தவன் படகைப் பற்றிப் பேசுகிறான் என்று மாமா சிரித்ததோடு அந்தப் பேச்சு முடிந்துபோயிற்று.

ஏழெட்டு வருஷம் கழித்து ஓர் ஆடி மாதத்தில் அந்தப் படகு நடுக்கடலில் பின்பக்கம் விரிசல் விட்டுத் தண்ணீர் ஏறிக் கவிழ்ந்தது. மாமாவோடு போன இரண்டு பேர் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கிடந்து உயிர் தப்பினார்கள். மாமா கிடைக்கவில்லை. ஐந்தாம் நாள் மற்ற படகுக்காரர்கள் வெறும் படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். உடல் இல்லாமலேதான் மாதா கோவிலில் பூசை வைத்தார்கள்.

அத்தைக்கு ஒரே பையன். எனக்கு அத்தான். அப்போது அவர் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தார். முப்பதாம் நாள் பூசை முடிந்து சாப்பாட்டுப் பந்தி எடுப்பதற்குள்ளாகவே, பள்ளிக்கூடத்துக்கு இனிப் போகப்போவதில்லை, படகைச் சரிசெய்து தொழிலுக்குப் போகப் போகிறேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். கூடியிருந்தவர்கள் ஆம்பிளைப் பிள்ளை என்று தட்டிக்கொடுத்தார்கள். அத்தை எழுந்து உள்ளே போனாள். சிறிது நேரம் கழித்து வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் ஏதோ பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நான் கிட்டே போனதும் பேச்சு நின்றுவிட்டது. அதன் பிறகுதான் அப்பா முற்றத்துக்கு வந்து, படகை அப்படியே தண்ணீரில் இறக்கினால் இன்னோர் உயிர் போகும், அடியைப் பலப்படுத்தித் தருகிறேன், கரையில் எப்போதும் ஈரக்காற்று, அங்கே ஒட்டினால் நிற்காது, எங்கள் ஊர் வெயிலுக்குக் கொண்டுபோகிறேன் என்றார். அவர் சொன்னதில் யாருக்கும் குறை தெரியவில்லை. அத்தானே லாரி ஏற்பாடு செய்தார்.

"எத்தன நாள் ஆவும் மாமா?" என்று கேட்டார்.

"ரெண்டு மாசம் வச்சுக்கோ மக்கா" என்றார் அப்பா.

இரண்டு மாதத்தில் அப்பா படகின் பெயிண்டைச் சுரண்டியிருந்தார். அவ்வளவுதான். உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது, ஈரம் முழுவதும் போகாமல் மேலே புதிய அடுக்கு ஒட்டினால் கொப்புளம் கட்டி உரிந்துவிடும், காயட்டும் என்றார். படகு காய்ந்தது. ஐப்பசி பிறந்தது, மழை வந்தது, தார்ப்பாய் போட்டு மூடினார். மழை போனதும் மார்கழிப் பனி. பனியில் எப்படி ஒட்டுவது? படகின் நிழலில் பக்கத்துக் காட்டுக்காரரின் வெள்ளாட்டுக் குட்டிகள் படுத்துக் கிடக்கும். அவற்றைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் படகின் மேல் தன் துண்டைக் காயப்போட்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அத்தை போன் செய்வாள். கோவில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் செய்வாள் போல. பத்து மணிக்கு அப்பாவின் செல் அடிக்கும். ஸ்பீக்கர் போடாமலே அவள் குரல் அடுப்படி வரை கேட்கும்.

"ஏலே, ஒனக்கு வெக்கமா இல்லையா? எம்புள்ள தொழிலுக்குப் போவாண்டாமா? செத்த மனுசன் படகப் போட்டு வச்சுக்கிட்டு என்னலே செய்யுத அங்கன?"

"ஈரம் இருக்குக்கா. காயட்டும்" என்பார் அப்பா, மழை நின்றுவிட்டதா என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல.

பின்னால் அத்தானின் குரலும் கேட்கும். எப்ப முடியும்னு கேளும்மா, நல்லாக் கேளும்மா என்பார். அத்தை இன்னும் சத்தமாகக் கேட்பாள். அப்பா போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா அடுப்படியிலிருந்து, பட்டறை வேலைக்கு எட்டு மணி தாண்டாது, இந்தப் படகுக்கு மட்டும் என்ன நோக்காடு என்று முனகுவாள். எனக்கு அத்தையின் மேல் ஆத்திரமாக வரும். அவளுடைய போன் வரும் நேரத்தில் நான் வெளியே போய் நின்றுகொள்ளப் பழகிக்கொண்டேன்.

தையில் வேலை தொடங்கியது. தொடங்கிய பிறகு அப்பா செய்த வேலையைப் பார்த்தவர்கள் யாரும் அவரைச் சோம்பேறி என்று சொல்லியிருக்க முடியாது. கிரைண்டரை வைத்துப் பழைய அடியைச் சாம்பல் நிறம் தெரியும்வரை தேய்த்தார். விரிசலைச் சுற்றித் தாம்பாளம் அளவுக்குப் பள்ளமாகத் தேய்த்து, ஓரத்தைச் சரிவாக இறக்கினார். அந்தத் தூசி கண்ணாடித் தூள். தோலில் பட்டால் அரித்துக்கொண்டே இருக்கும். அப்பாவின் சட்டையை அம்மா குச்சியால் எடுத்துத் தனி வாளியில் போடுவாள். விடிந்ததும் வெயில் ஏறுவதற்குள் ஒட்டும் வேலை நடக்கும். எங்கள் ஊர் வெயிலில், இறுகவைக்கும் ஹார்ட்னர் கலந்த ரெசின் பசை டப்பாவிலேயே கல்லாகிவிடும். வெள்ளைக் கம்பளம் போன்ற கண்ணாடி இழை மேட்டைக் கிழித்துப் போட்டு, ரெசினை ஊற்றி, இரும்பு ரோலரை உருட்டி உருட்டி உள்ளே நிற்கும் காற்றை ஓரத்துக்குத் தள்ளுவார். மேட் வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரித் தெளியும். அதன் மேல் சாக்குப் பின்னல் போல முரட்டுத் துணி ஒன்று, அதன் மேல் மறுபடி மேட்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் பட்டறைக்குப் போவேன். இறுகிய அடுக்கைச் சுத்தியல் காம்பால் தட்டிப் பார்ப்பது என் வேலை. நன்றாகப் பிடித்திருந்தால் கணீரென்று கேட்கும். உள்ளே காற்று நின்றிருந்தால் பூசணிக்காயைத் தட்டினது போலச் செத்த சத்தம் வரும். செத்த சத்தம் வந்த இடத்தில் நான் பென்சிலால் வட்டம் போடுவேன். அப்பா அதை மட்டும் கீறி எடுத்துச் சரிசெய்வார். மாசியில் பதினொரு வட்டம் போட்டேன். பங்குனியில் இரண்டே வட்டம். பங்குனி முடிவதற்குள் அந்த இரண்டும் போய்விட்டன. ஒரு சனிக்கிழமை முழுப் படகையும் மூக்கிலிருந்து பின்பக்கம் வரை தட்டிப் பார்த்தேன். எங்கேயும் செத்த சத்தம் இல்லை.

"எப்பா, முடிஞ்சிட்டு" என்றேன்.

அப்பா படகை ஒருமுறை சுற்றி வந்தார். "பாப்போம்" என்றார்.

அந்தச் சித்திரையில்தான் என்னுடன் படித்த ஒருத்தி, எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவள், விளையாடும்போது சண்டை வந்து ஒன்று சொன்னாள்.

"ஒங்கப்பா அந்த போட்ட அமுக்கப் போறாருன்னு எங்கப்பா சொல்லுதாரு. ஆளு செத்துப்போச்சுல்லா, யாரு கேக்கப் போறான்னு."

நான் அவளை அடித்தேன். ஆனால் அடித்த பிறகும் அந்த வார்த்தை என்னோடு வந்தது. அப்பாவுக்குப் படகு எதற்கு? விற்பாரா? விற்கமாட்டார். ஆனால் முடிந்த படகு ஏன் இன்னும் இங்கேயே கிடக்கிறது?

கோடை விடுமுறை. ஒரு மத்தியானம் அம்மா தூக்குச்சட்டியைக் கொடுத்து அப்பாவிடம் கொண்டுபோகச் சொன்னாள். மற்ற வேலையாட்கள் வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு தோப்பில் தொட்டி வைக்கப் போயிருந்தார்கள். பட்டறையில் அப்பா மட்டும்தான். தூரத்திலேயே கிரைண்டர் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், படகின் நடு அடியில், நான் மூன்று தரம் தட்டிப் பார்த்துக் கணீரென்று கேட்ட இடத்தில், அப்பா கிரைண்டரை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் உருட்டி உருட்டிப் படியவைத்த அடுக்குகள் வெள்ளைத் தூளாகப் பறந்தன. முறம் அளவுக்குக் குழி விழுந்திருந்தது.

அவர் நிறுத்தும்வரை நின்றுகொண்டிருந்தேன்.

"எப்பா, அது நல்லாத்தான இருந்துச்சு?"

அப்பா முகத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். புருவம், இமை எல்லாம் வெள்ளையாக இருந்தது. "உள்ள காத்து நின்னுருக்கு" என்றார்.

காற்று நிற்கவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அப்பா என்னிடம் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. தூக்குச்சட்டியை வைத்துவிட்டு வெயிலில் நடந்து வந்தேன். என் அப்பா திருடன் என்று எனக்கு அன்று தோன்றியது. பத்து வயதில் ஒரு பொய்க்கு அதற்கு மேல் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை.

நான்கைந்து நாள் கழித்து, வைகாசி பிறந்த சமயம், அப்பா செல்லைச் சார்ஜில் போட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தார். போன் அடித்தது. அத்தான்.

"ஏட்டி, மாமா எங்க?"

"வேலைக்குப் போயிட்டாங்க."

"என்ன வேல? போட் வேலையா? ஒங்கப்பாவுக்கு வேல தெரியுமா தெரியாதான்னே எனக்கு இப்பச் சந்தேகமா இருக்கு. கரையில எல்லாரும் சிரிக்கான். ஒரு போட்டுக்கு அடி போட ஒரு வருசமா?"

ஒரு பக்கம் அப்பா திருடன். இன்னொரு பக்கம் அப்பாவுக்கு வேலை தெரியாதாம். இரண்டில் எதை நான் தாங்கமாட்டேன் என்று அன்றைக்குத் தெரிந்தது.

"எங்கப்பா பங்குனியிலயே முடிச்சிட்டாங்க" என்றேன். "நாந்தான் தட்டிப் பாத்தேன். பூரா நல்லா இருக்கு. நல்லா இருந்தத இப்பத் திருப்பியும் தேச்சு எடுக்காங்க. வந்து பாருங்க."

 அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. எனக்கு நெஞ்சு லேசானது போல இருந்தது. இனிப் படகு போய்விடும். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

மறுநாள் காலையிலேயே அத்தான் இரண்டு கூட்டாளிகளோடு மினி லாரியில் வந்துவிட்டார். வீட்டுக்கு வரவில்லை, நேராகப் பட்டறைக்குப் போயிருக்கிறார். பட்டறைப் பையன் ஓடிவந்து சொல்ல, அம்மாவும் நானும் போனோம். அத்தான் படகைச் சுற்றி வந்து முஷ்டியால் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷத்தில் அவருக்கு மீசை வந்திருந்தது, மாமாவின் சாயலும் வந்திருந்தது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

"நல்லாத்தான இருக்கு மாமா?"

அப்பா படகின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பங்குனியிலயே முடிஞ்சிட்டாமே. எதுக்கு வச்சிருக்கீய? வித்துருவமான்னு பாத்தீயளா?"

அம்மா ஏதோ சொல்லப் போனாள். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். என்னைப் பார்த்தார். "நீ சொன்னியா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். "சரி" என்றார். அந்தச் 'சரி'யில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. பிறகு அத்தானைப் பார்த்து, "சோம்பேறித்தனந்தான் மக்கா. வேற ஒண்ணுமில்ல" என்றார்.

 நான் சொன்னது எதற்காக? அவருக்கு வேலை தெரியும் என்று காட்டத்தானே?

அத்தானும் கூட்டாளிகளும் படகைத் தூக்கக் கயிறு எடுத்தார்கள். அப்பா முன்னால் போய் நின்று, தேய்த்த குழியைக் காட்டினார். "இது ஒண்ண மட்டும் அடச்சுத் தந்துருதேன். இப்படியே கொண்டுபோனா ஆபத்து. சாயங்காலம் வரைக்கும் இரு."

"இந்தச் சாயங்காலமா, அடுத்த வருசச் சாயங்காலமா?" என்றார் அத்தான். கூட்டாளிகள் சிரித்தார்கள். ஆனால் குழியைப் பார்த்துவிட்டு அவர்களில் மூத்தவன், இருந்து முடித்துக்கொண்டே போவோம் என்றான்.

வெயில் ஏறிவிட்டது. அந்த நேரத்தில் யாரும் ரெசினைத் தொடமாட்டார்கள். அப்பா அம்மாவை அனுப்பி இரண்டு பழைய சேலைகள் கொண்டுவரச் சொன்னார். படகைச் சுற்றி நான்கு மூங்கில் நட்டுச் சேலைகளைக் கட்டி நிழல் செய்தார். ரெசின் டப்பாவைக் குளிர்ந்த தண்ணீர் வாளிக்குள் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தார். குழியின் ஓரத்தை மறுபடி சரிவாகத் தேய்த்து, அசிட்டோன் தொட்டுத் துடைத்து, முதலில் உள்ளங்கை அளவு மேட், அதைவிடப் பெரிதாக அடுத்தது, அதைவிடப் பெரிதாக அதற்கடுத்தது என்று அடுக்கினார். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். எங்கள் கைகள் இரண்டும் ரெசினில் ஒட்டிக்கொண்டு வந்தன, ஆனால் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ரோலரை அவர் அன்று உருட்டியது போல ஒருநாளும் உருட்டிப் பார்த்ததில்லை. ஒரு சின்னக் குமிழி கண்ணில் பட்டாலும் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதை ஓரம் வரை துரத்திக்கொண்டு போனார். அத்தான் முதலில் தூரத்தில் நின்றவர், பிறகு பக்கத்தில் வந்து சேலை பறக்காமல் பிடித்துக்கொண்டார். 

மூன்று மணிக்கு அது இறுகியது. நான் தட்டிப் பார்த்தேன். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவரே பட்டறை ஆட்களோடு சேர்ந்து கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துப் படகை லாரியில் ஏற்றினார்.

"தனியாப் போவாத மக்கா" என்றார். "காத்து மாறுச்சுன்னா வலையப் பாக்காத, திரும்பிரு."

அத்தான் லாரிக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்: "அத நீங்க சொல்லுதீயளா மாமா? எங்கம்மாவ ஒரு வருசமாக் கத்த வச்சிட்டு."

படகு போய்விட்டது. இரண்டு மாதத்தில் பள்ளிக்கூடத்தில் 'கப்பல்' என்ற பெயரும் போய், பழைய 'தொட்டி' திரும்பி வந்தது. படகை அமுக்கப் போகிறார் என்று பேசியவர்கள், பாவம், பயலுக்குப் பயந்து திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று பேசினார்கள். அத்தான் அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கிறிஸ்துமசுக்கு நாங்கள் போனால் அவர் கடலுக்குப் போயிருப்பார், அல்லது போயிருப்பதாகச் சொல்லுவார்கள். அத்தை மெலிந்துகொண்டே வந்தாள். வாசலில் அவள் உட்காரும் நாற்காலி வீட்டுக்கு முதுகு காட்டிக் கடலைப் பார்த்துக் கிடந்தது.

நான் பாளையங்கோட்டையில் கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கும்போது அத்தையைச் சிறுநீரகக் கோளாறு என்று அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அத்தான் கடலில் இருந்தார். ஒருமுறை போனால் நான்கைந்து நாள் ஆகும் தூரத்துக்கு அப்போது அவர் போய்க்கொண்டிருந்தார். விடுதியிலிருந்து சாயங்காலம் தோறும் நான் போய் அவள் கூட இருப்பேன். ஒருநாள் இட்லியைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்:

"ஏட்டி, போட் முடிஞ்சிட்டுன்னு எம்புள்ளகிட்டச் சொன்னது நீதான?"

பிய்த்த இட்லியைத் தட்டிலேயே வைத்தேன். ஆமாம் என்றேன். நீங்கள் அப்பாவைத் திட்டுவது பொறுக்கவில்லை என்றேன்.

அத்தை சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரம் பிடித்தது.

"திட்டுனது பூரா எம்புள்ள காதுல விழத்தாம்ட்டி. பக்கத்துல நின்னுக்கிட்டே இருப்பாம்லா. கிணத்தடியில வச்சு நாந்தான் ஒங்கப்பங்கிட்டச் சொன்னேன். போட்ட எப்படியாவது கண்ணுக்கு மறைவாக் கொண்டு போயிரு, குடுத்துராதன்னு. போட் இல்லன்னதும் வேற வழியில்லாமப் பள்ளிக்கூடம் போனான். பரீட்ச எழுதுனான். பாலிடெக்னிக்குக்கு அப்ளிகேசன் வாங்கி வச்சிருந்தேன். ஆனி மாசம் சேக்கணும். போட் வரலன்னா போறேன்னு அவனும் அரமனசாச் சொல்லிட்டான். ஒரு மாசந்தான் பாக்கி."

நான் இட்லித் தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நீ அழாத. சின்னப்புள்ள, ஒனக்கென்ன தெரியும்" என்றாள். "அவங்கிட்ட மட்டும் சொல்லிராத. ஆத்தாளே ஏமாத்திட்டான்னு நெனச்சிருவான். மாமன் ஏமாத்துனாம்னா தாங்கிக்கிடுவான்."

அவள் அந்த வாரமே இறந்துபோனாள். அத்தானுக்குச் செய்தி எட்டி, அவர் கரை சேரும்வரை ஒன்றரை நாள் உடலை வைத்திருந்தோம். அவர் ஈரக் கைலியோடு ஓடிவந்து தாயின் காலைப் பிடித்துக்கொண்டார். பிறந்த வீட்டுச் சேலையை அப்பா கொண்டுவந்திருந்தார். அதை உடலின் மேல் போர்த்த அவர் குனிந்தபோது அத்தான் நிமிர்ந்தார்.

"உசுரோட இருக்கையில அழ வச்சீய. இப்ப எதுக்கு?" என்றார்.

 நான் வாயைத் திறந்தேன். சொல்லாதே என்று கேட்டவள் எதிரே கிடந்தாள், அவளுக்கு இனி என்ன வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். அப்பா என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவு கெஞ்சுகிற முகத்தை நான் அவரிடம் அதற்கு முன்பு கண்டதில்லை. வாயை மூடிக்கொண்டேன். அவர் சேலையைப் போர்த்திவிட்டு, குறுக்குப் பலகைக் கதையைச் சொல்லிச் சிரிக்கிற அதே ஆட்களுக்கு நடுவே போய் நின்றுகொண்டார்.

அத்தான் இப்போதும் அதே படகில்தான் தொழிலுக்குப் போகிறார். கரையில் அவ்வளவு உறுதியான அடி வேறு எந்தப் படகுக்கும் இல்லையாம். யார் போட்டது என்று கேட்டால் சொல்லமாட்டாராம். அத்தையை அடக்கம் செய்துவிட்டு ஊருக்குத் திரும்பிய பஸ்ஸில் அப்பாவிடம், ஏன் என்னிடமாவது அன்றைக்கே சொல்லியிருக்கக்கூடாது என்று கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "ஒங்கம்மாட்டயே சொல்லலையே" என்றார்.

அதையெல்லாம்விட எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவது படகை ஏற்றிக்கொண்டு லாரி போன மறுநாள். ஞாயிற்றுக்கிழமை கூட இல்லை. மத்தியானம் அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது போன் அடித்தது. அத்தை. நான் வழக்கம்போல வெளியே போக எழுந்தேன். ஆனால் சத்தம் வரவில்லை. அப்பா போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, "ம்" என்றார். "ம்" என்றார். நெடுநேரம் கழித்து, "என்னால முடிஞ்சது அவ்வளவுதாங்க்கா" என்றார். அந்தப் பக்கம் பேச்சு நின்ற பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தார். சோற்றில் ஊற்றிய ரசம் இலையைத் தாண்டித் தரையில் ஓடியது. அவர் பார்க்கவில்லை.

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அத்த இன்னைக்குத் திட்டலையேப்பா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றார்.

"இனிமே திட்ட மாட்டாங்கல்லா?"

"திட்ட மாட்டா."

நான் அம்மாவிடம் ஓடிப்போய், அத்தைக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். அன்று முழுவதும் தெருவில் குதித்துக் குதித்து விளையாடினேன்.